பரம்பரை எலும்புக் கட்டி நோய்: கால் ஆபரேஷனுக்கு முன் முதுகெலும்பைப் பார்க்க வேண்டுமா?

திருச்சி_பிசியோ:

13 வயதுப் பையன். பல எலும்புகளில் கட்டி முளைக்கும் பரம்பரை நோய், அதாவது மல்டிபிள் எக்ஸாஸ்டோசிஸ். சின்ன வயதிலேயே உறுதியாகிவிட்டது, அப்பாவுக்கும் உண்டு. இரண்டு முழங்காலைச் சுற்றியும், இடது மணிக்கட்டிலும், தோள்பட்டை எலும்பிலும் கட்டிகள். முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று இடிக்கின்றன. அதை நிமிர்த்த வளர்தட்டின் (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) ஓரத்தில் எட்டு வடிவத் தகடு வைக்கும் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தாயிற்று. அதுவரை தொடைத் தசைப் பயிற்சிக்காக அனுப்பியிருக்கிறார்கள்.

பரிசோதனையில் கண்டது: நான்கு மாதமாக நடை தள்ளாடுகிறது என்கிறார் அம்மா. சட்டைப் பொத்தான் போட முன்பைவிட நேரமாகிறது. முழங்கால் ரிஃப்ளெக்ஸ் இரண்டு பக்கமும் துள்ளுகிறது. கணுக்காலில் நாலைந்து துடிப்பு குளோனஸ் (பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளினால் தானாகத் துடிப்பது). கழுத்து எக்ஸ்ரே எடுத்ததில் 'இயல்பு' என்று ரிப்போர்ட். கால் கோணலால்தான் நடை இப்படி இருக்கிறது என்று சொல்லப்பட்டிருக்கிறது.

கேள்விகள்: எக்ஸ்ரே இயல்பு என்றால் முதுகெலும்பில் கட்டி இல்லை என்று விட்டுவிடலாமா? எம்ஆர்ஐ என்றால் எந்தப் பகுதிக்கு, எப்படி எழுதிக் கேட்பது? அதுவரை எந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும்? கட்டி இருந்தாலே வெட்டி எடுக்க வேண்டுமா?

தண்டுவடக்காரன்:

கடைசிக் கேள்வியைப் பிறகு பார்ப்போம். முழங்கால் கோணல் எந்தக் காலத்திலும் ரிஃப்ளெக்ஸைத் துள்ள வைக்காது, குளோனஸும் தராது. நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், வேறு விதமாக நிரூபணமாகும்வரை அது தண்டுவட அழுத்தம்தான். எம்ஆர்ஐ இந்த வாரமே எடுக்க வேண்டும். அடுத்த மாத ஆபரேஷனுக்கு முந்தைய நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. சிறுநீர் முட்டியும் போகவில்லை, அல்லது அடக்க முடியவில்லை, அல்லது நடை நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் இன்றே அவசரப் பிரிவுக்கு.

இன்று முதல் நிறுத்த வேண்டியவை: கழுத்து டிராக்‌ஷன், மேனிபுலேஷன் (கழுத்தை இழுப்பதும் கையால் திருப்பிச் சொடுக்குவதும்), கழுத்தைப் பின்னால் முழுக்க வளைக்கும் எந்தப் பயிற்சியும், குதிப்பது, கபடி, தலைகீழ் ஆசனங்கள். சலூனில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் கழுத்தைச் சொடுக்கிவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அதையும் பெயர் சொல்லித் தடுத்துவிடுங்கள். பொதுவாக 'கழுத்தைப் பார்த்துக்கொள்' என்றால் யாரும் அதை நினைக்க மாட்டார்கள்.

இனி ஏன் என்று. இந்தக் கட்டி என்பது எலும்பிலிருந்து வெளியே முளைக்கும் எலும்பு. அதன் தலையில் குருத்தெலும்புத் தொப்பி. தொப்பிதான் வளரும் பகுதி. எலும்பு வளர்ச்சி நிற்கும்போது அதுவும் நின்றுவிட வேண்டும். கை கால்களில் வளர்தட்டுக்குப் பக்கத்தில் முளைப்பது போலவே, முதுகெலும்பிலும் குருத்தெலும்பு வளரும் இடங்களில் முளைக்கிறது. பெரும்பாலும் முள்ளெலும்பின் பின்பகுதியில்: லாமினா எனப்படும் பின்வளைவு, அதன் காம்பு, முள் நீட்சி, முள்ளெலும்புகளைப் பின்னால் இணைக்கும் ஃபேசட் மூட்டு. ஏறக்குறைய பாதி கழுத்தில்தான். அதிலும் சி2, அதாவது கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு, அதிகம். பின்பக்கமாக வளர்ந்தால் கையில் தட்டுப்படும் ஒரு கட்டி, அவ்வளவுதான். முன்பக்கமாக, தண்டுவடம் ஓடும் குழாய்க்குள் வளர்ந்தால்தான் ஆபத்து, அது வெளியே தெரியவும் தெரியாது. முள்ளெலும்பின் உடலிலிருந்து முன்னோக்கி வளர்ந்து விழுங்கச் சிரமம் தருவதும் உண்டு, ஆனால் அரிது. மார்புப் பகுதியில், விலா எலும்பின் தலையில் முளைத்த கட்டி நரம்புத் துளை வழியாக உள்ளே நுழைவதும் உண்டு; விலாக் கட்டி என்று அலட்சியமாக விடப்படுபவை இவை.

கழுத்தில் குழாயின் முன்பின் அளவு பெரியவர்களுக்குச் சுமார் 17 மி.மீ. 13-க்குக் கீழே குறுகல், 10-க்குக் கீழே கடுமையான குறுகல். கட்டி வருடக்கணக்கில் மெல்ல வளர்வதால் தண்டுவடம் நசுங்கி நசுங்கிப் பழகிக்கொள்கிறது. இடமெல்லாம் தீர்ந்த பிறகு ஒரு சின்ன சறுக்கல் போதும், கை கால் நான்கும் விழுந்துவிடும். வலி இல்லை என்பதை இங்கே நல்ல செய்தியாக எடுக்காதீர்கள்.

எவ்வளவு அடிக்கடி வருகிறது என்றால், பழைய நூல்களில் பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவு என்று இருக்கும். அது அறிகுறி வந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்நோய் உள்ள 44 பேருக்கு முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்த்தபோது 30 பேருக்கு அங்கே கட்டி இருந்தது. 12 பேருக்கு அது குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சிகிச்சைக்கு வந்தவர்களைப் பார்த்த ஆய்வு என்பதால் எல்லா ஊருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனால் 'அபூர்வம்' என்று ஒதுக்க முடியாது என்பது அதிலிருந்து தெரிகிறது.

ஒவ்வொரு வருகையிலும் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை: கையை விரித்து மூடச் சொல்லி பத்து வினாடி எண்ணுங்கள், 20 தடவைக்குக் குறைந்தால் சந்தேகம். நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் மடங்குகிறதா, அதாவது ஹாஃப்மன். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போகிறதா. குதிகாலோடு பெருவிரல் ஒட்ட நேர்கோட்டில் பத்தடி நடக்கிறானா. கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்வது போல் இருக்கிறதா (கேளுங்கள், குனிய வைக்காதீர்கள்).

இந்நோயில் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, முன்கையின் இரண்டு எலும்புகளில் அல்னா குட்டையாகி ரேடியஸ் வளைந்திருப்பதால் கை மந்தத்தை அதன் மேல் போட்டுவிடுவார்கள். கோணல் கையில் மணிக்கட்டு திரும்பாது, ஆனால் விரல் வேகம் குறையாது. விரல் மந்தம் என்றால் மேலே பாருங்கள். இரண்டு, கணுக்கால் தொங்கினால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவின் தலையிலுள்ள கட்டி பெரோனியல் நரம்பை அழுத்துகிறது என்பார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நரம்புக் கோளாறில் பாதம் தளர்ந்து தொங்கும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் மரத்துப்போகும், ரிஃப்ளெக்ஸ் துள்ளாது. தண்டுவடம் என்றால் கால் விறைக்கும். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருந்துவிட்டால், தொங்கும் பாதம் விறைப்பை மறைக்கும். அதுதான் தலைவலி.

நிழல்_வாசகர்:

ரேடியாலஜி பக்கத்திலிருந்து.

கழுத்து எக்ஸ்ரேயில் லாமினாவின் உள்பக்கம் ஃபேசட் மூட்டுகளின் நிழலுக்குள் மறைந்துவிடும். சி2-வில் தாடையும் சேர்ந்து மறைக்கும். குழாய்க்குள் ஒரு சென்டிமீட்டர் நீட்டிய கட்டிகூட பக்கவாட்டுப் படத்தில் வெறும் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே எக்ஸ்ரேயில் தெரிந்தால் இருக்கிறது. தெரியாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது.

எம்ஆர்ஐ படிவத்தில் 'முதுகுவலி, கழுத்து எம்ஆர்ஐ' என்று எழுதினால் டிஸ்க்குக்கான படம்தான் கிடைக்கும். பல மையங்களில் குறுக்குவெட்டை டிஸ்க் இருக்கும் மட்டங்களில் மட்டும் சாய்த்து எடுத்து நிறுத்திவிடுவார்கள். இந்தக் கட்டிகள் லாமினாவில், இரண்டு டிஸ்க்குக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்; அந்த இடைவெளியில் தப்பிவிடும். அதனால் இப்படி எழுதுங்கள்: 'மல்டிபிள் எக்ஸாஸ்டோசிஸ் உறுதியான நோயாளி, தண்டுவட அழுத்த அறிகுறி. மண்டையோட்டு அடித்துளையிலிருந்து திரிகம் வரை முழு முதுகெலும்பு. நெடுவெட்டில் டி1, டி2. கழுத்து முழுவதும் இடைவெளியின்றி 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய குறுக்குவெட்டு டி2. பின்பகுதி எலும்புகளைக் குறிப்பாகப் பார்க்கவும்.' (டி1, டி2 என்பவை எம்ஆர்ஐ படத்தின் இரு வகைகள்; திரிகம் என்பது முதுகெலும்பின் அடிப்பகுதி எலும்பு.) நெடுவெட்டு இரண்டு ஓரத்திலும் நரம்புத் துளைகளைத் தாண்டிப் போக வேண்டும் என்றும் சேர்க்கலாம். கான்ட்ராஸ்ட் ஊசி முதல் படத்துக்குத் தேவையில்லை. 13 வயதுக்கு மயக்க மருந்தும் வேண்டாம். 40 நிமிடம் அசையாமல் படுக்க முன்கூட்டியே பழக்குங்கள். ஆறு வயதுக்குக் கீழே பெரும்பாலும் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்.

படத்தைப் படிப்பவருக்கும் இது ஏமாற்றும் கட்டி. உள்ளே கொழுப்பு மஜ்ஜை இருந்தால் டி1-இல் வெள்ளையாகத் தெரிந்து, தண்டுவட உறைக்கு வெளியே இயல்பாக இருக்கும் கொழுப்போடு கலந்துவிடும். கெட்டியான எலும்பாக இருந்தால் எல்லாப் படத்திலும் கறுப்பு. தடித்த மஞ்சள் தசைநார் என்று எழுதிவிடுவார்கள். 'ஆஸ்டியோஃபைட்' என்று எழுதிய ரிப்போர்ட்டுகளும் வருகின்றன. 13 வயதில் ஏது ஐயா தேய்மான எலும்பு முள்? அந்தச் சொல்லைப் பார்த்தாலே திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐயில் ஒரு மட்டம் சந்தேகமாக இருந்தால் அந்த மட்டத்துக்கு மட்டும் சிடி, 1 மி.மீ.க்கு மேற்படாத வெட்டில். சிடியில் தேட வேண்டியது ஒன்றுதான்: கட்டியின் வெளி ஓடும் உள் மஜ்ஜையும் தாய் எலும்பின் ஓட்டோடும் மஜ்ஜையோடும் தொடர்ந்து ஓடுகிறதா. ஓடினால் அது ஆஸ்டியோகாண்ட்ரோமா, அதாவது இந்நோயின் கட்டி. ஆபரேஷன் செய்பவருக்கும் காம்பு எங்கே, எவ்வளவு அகலம் என்பது சிடியில்தான் தெரியும். சலித்துப் பார்ப்பதற்காக முழு முதுகுக்கும் சிடி எடுக்க வேண்டாம். வளரும் பிள்ளைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு.

முழங்கால் தகட்டுக்கு முன்பா பின்பா என்ற குழப்பம் வேண்டாம். முழங்காலில் இருக்கும் உலோகம் கழுத்துப் படத்தைக் கெடுக்காது. ஆனால் பிறகு கழுத்திலேயே திருகாணி வைக்க நேர்ந்தால் டைட்டானியமாகக் கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்துவிட்டால் அடுத்த பத்து வருடப் படங்களும் அந்த இடத்தில் இருட்டாகத்தான் இருக்கும், இந்தப் பிள்ளைக்கு அந்தப் படங்கள் தேவைப்படும்.

திருச்சி_பிசியோ:

நன்றி சார், நன்றி மேடம். நீங்கள் எழுதித் தந்த வாசகத்தோடே அனுப்பினோம். ரிப்போர்ட்: சி2 இடது லாமினாவிலிருந்து குழாய்க்குள் 14 × 11 மி.மீ. எலும்புக் கட்டி, குருத்தெலும்புத் தொப்பி 3 மி.மீ. மீதமுள்ள குழாய் 6 மி.மீ. தண்டுவடம் வலப்பக்கம் ஒதுங்கித் தட்டையாகியிருக்கிறது, டி2-வில் உள்ளே வெண்மை. இன்னொன்று மார்பு ஐந்தாம் முள்ளெலும்பின் வலது லாமினாவில் 4 மி.மீ., குழாய்க்குள் நீட்டுகிறது, தண்டுவடத்தைத் தொடவில்லை. இடுப்புப் பகுதி சுத்தம்.

கழுத்து ஆபரேஷன் உறுதி என்கிறார்கள். பெற்றோர் கேட்பது: இது புற்றுநோயா? மார்பில் உள்ளதையும் சேர்த்தே எடுத்துவிடலாமா? முழங்கால் ஆபரேஷன் என்னாவது?

தண்டுவடக்காரன்:

புற்றுநோய் அல்ல. இந்நோயில் வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால் நூற்றில் ஒருவர் முதல் ஐவர் வரை ஏதாவது ஒரு கட்டி காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றுநோயாக மாறலாம். அதுவும் பெரும்பாலும் வளர்ச்சி நின்ற பிறகு, 20 வயதைத் தாண்டி. வளர்ந்தவரிடம் தொப்பி 2 செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால், வளர்ச்சி நின்ற பிறகும் கட்டி பெருத்தால், புதிதாக வலித்தால் கவலைப்பட வேண்டும். பிள்ளைகளுக்குத் தொப்பி இயல்பாகவே தடித்திருக்கும், பெரியவர்கள் அளவுகோலை வைத்துப் பயமுறுத்தக் கூடாது. இங்கே 3 மி.மீ.தான்.

கழுத்துக் கட்டியை எடுப்பதில் தவறு நடக்கும் இடம் பற்றிச் சொல்கிறேன். பெற்றோர் கேள்வி கேட்கவாவது உதவும். மீதம் 6 மி.மீ. இருக்கும் குழாய்க்குள் பஞ்ச் கருவியின் அடித்தகட்டை நுழைத்துக் கடித்து எடுக்கக் கூடாது. அந்தத் தகட்டின் தடிமனே தண்டுவடத்தை நசுக்கும். வைரத்தூள் பதித்த 2 அல்லது 3 மி.மீ. பர் (சுழன்று எலும்பைத் தேய்க்கும் முனை) கொண்டு, சூடேறாமல் இடைவிடாது தண்ணீர் விட்டுக்கொண்டே, கட்டியின் காம்புக்கு இரண்டு பக்கமும் லாமினாவில் பள்ளம் வெட்டி, முட்டை ஓடு போல் மெலிந்ததும், லாமினாவையும் கட்டியையும் சேர்த்துத் தண்டுவடத்தை விட்டு வெளிப்பக்கமாகத் தூக்குவார்கள். தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் டூரா உறையோடு ஒட்டியிருந்தால் அதை மெல்லப் பிரிக்க நேரம் ஆகும். தொப்பியும், அதைப் போர்த்தியிருக்கும் பெரிகாண்ட்ரியம் சவ்வும் முழுதாக வர வேண்டும். திரும்ப முளைப்பவை எல்லாம் இங்கே மிச்சம் விட்டவைதான். துண்டு துண்டாக எடுக்க நேர்ந்தாலும் தொப்பியை எண்ணி எடுத்து, நோய்க்குறியியல் சோதனைக்குத் தனிக் குப்பியில் அனுப்பச் சொல்லுங்கள்.

சி2 என்பதால் இன்னொரு கவலை. கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் சி2 முள் நீட்சியில்தான் அதிகம் பற்றியிருக்கின்றன. வளரும் பிள்ளைக்கு அதை மொத்தமாக எடுத்துவிட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் கழுத்து முன்னால் குனிந்து கூன் விழும். கட்டி இடதுபக்கம் மட்டும் என்பதால் ஒருபக்க லாமினா மட்டும் எடுத்து, முள் நீட்சியையும் வலதுபக்கத் தசைகளையும் காப்பாற்றலாம். ஃபேசட் மூட்டில் பாதிக்கு மேல் போனால் திருகாணி போட்டு இணைத்தே ஆக வேண்டும்.

முழங்கால் காத்திருக்கட்டும். எட்டு வடிவத் தகடு வேலை செய்ய வளர்ச்சி மிச்சமிருக்க வேண்டும். ஆண்பிள்ளைக்கு 16 வயதுவரை முழங்கால் வளர்தட்டு பொதுவாகத் திறந்திருக்கும். மூன்று நான்கு மாதம் தள்ளினால் நஷ்டமில்லை, ஒன்றரை வருடம் தள்ளினால் நஷ்டம்.

மார்புக் கட்டி: நான் இப்போது தொட மாட்டேன். ஆறு மாதத்தில் ஒரு எம்ஆர்ஐ, பிறகு வளர்ச்சி முடியும்வரை வருடம் ஒன்று.

எலும்பு_சிறார்:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பையனுக்கு 13 வயது. வளர்ச்சியின் வேகமான பகுதி இனிமேல்தான். மார்புப் பகுதியில் குழாய் கழுத்தைவிட ஒடுக்கம், தண்டுவடத்துக்கு இரத்த ஓட்டமும் குறைச்சல். 4 மி.மீ. 8 ஆகும்போது அறிகுறி வரும்வரை காத்திருந்தால், கழுத்தில் இப்போது நடந்ததே அங்கேயும் நடக்கும். வருடம் தவறாமல் வந்து படம் எடுப்பார்கள் என்று நம்பக்கூடிய குடும்பமென்றால் காத்திருக்கலாம். 200 கிலோமீட்டர் தள்ளி இருந்து, கூலி விட்டுவிட்டு வர வேண்டிய குடும்பமென்றால் எடுத்துவிடுவதே மேல் என்பது என் பக்கம். ஆனால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் வேண்டாம்.

தண்டுவடக்காரன்:

குடும்பத்தின் தூரம் பற்றிச் சொன்னது நியாயம், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் தொடாத கட்டியை எடுக்கப்போய் மார்பில் ஒரு காயம் வந்தால் திரும்பப் பெற முடியாது. முதல் ஆறு மாதப் படத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், 1 மி.மீ. வளர்ந்திருந்தாலும் நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

மயக்கமருத்துவர்_எம்:

இரண்டு சர்ஜன்களும் சண்டையை முடித்தாயிற்று என்றால் மயக்கத்தைப் பற்றிச் சில வரிகள். இந்தக் கேள்வியிலேயே பெரிய ஆபத்து எங்கே இருந்தது தெரியுமா? முழங்கால் ஆபரேஷன் என்று மயக்கம் கொடுத்து, மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் இறக்கக் கழுத்தைப் பின்னால் வளைத்திருப்பார்கள். 6 மி.மீ. தண்டுவடக் குழாயோடு. நல்ல வேளை, நீங்கள் ரிஃப்ளெக்ஸ் தட்டிப் பார்த்தீர்கள்.

கழுத்து ஆபரேஷனுக்கு: கழுத்து நடுநிலையில் இருக்க, வீடியோ லாரிங்கோஸ்கோப் அல்லது ஃபைபர் ஆப்டிக் கொண்டு மூச்சுக்கான குழாய். தண்டுவட அறிகுறி உள்ளவருக்கு சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து வேண்டாம், பொட்டாசியம் ஏறும். நரம்புக் கண்காணிப்பு வைப்பதால் புரோபோஃபால் சிரைவழி மயக்கம்; வாயு மயக்கம் இயக்க அலைகளை (மூளையைத் தூண்டித் தசையில் பதிவு செய்யும் அலைகள்) அமுக்கிவிடும். குழாய் இறக்கிய பிறகு தசைத் தளர்வு மருந்து தொடரக் கூடாது. முதல் அலைகளை மல்லாந்த நிலையிலேயே பதிவு செய்துவிட்டுப் பிறகு குப்புறத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் திருப்பும்போது நேர்ந்த சேதமா, வெட்டும்போது நேர்ந்ததா என்று பிறகு சொல்ல முடியாது. இரண்டு கடைவாய்ப் பக்கமும் மெத்தென்ற துணி உருண்டை. இயக்க அலைக்கு மின்தூண்டல் கொடுக்கும்போது தாடை இறுகி நாக்கைக் கடித்துவிடும். இரத்த அழுத்தம் இயல்பைவிடக் கீழே போகவே கூடாது.

இந்நோய்க்கென்றே உள்ளவை: குப்புறப் படுக்க வைக்கும் மெத்தைகள் இடுப்பெலும்பு, விலா, முழங்கால் கட்டிகள் மேல் அழுந்தும். முந்தைய நாளே பையனைக் குப்புறப் படுக்கச் சொல்லி எங்கெங்கே உறுத்துகிறது என்று பேனாவால் குறித்துவிடுங்கள். மயங்கிய பிறகு அவனால் சொல்ல முடியாது. இடது மணிக்கட்டில் கட்டி இருப்பதால் தமனி ஊசி வலது கையில்.

மரபுக்கோடு:

சுருக்கமாக. இஎக்ஸ்டி1 மரபணு 8-ஆம் குரோமோசோமில், 1995-இல் கண்டறியப்பட்டது. இஎக்ஸ்டி2 11-ஆவதில், அடுத்த வருடம். இரண்டும் ஹெப்பாரன் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியைக் கட்டும் நொதிகளுக்கானவை. அந்தச் சங்கிலி குறைந்தால் வளர்தட்டுச் செல்கள் நேராக அடுக்காமல் பக்கவாட்டில் வழி தவறி வளர்கின்றன. கால்சியம் அதிகம் சாப்பிட்டதால் வந்ததல்ல. பாலையும் முட்டையையும் கேழ்வரகையும் நிறுத்த வேண்டாம். நோயுள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல்.

இரத்தச் சோதனையில் மரபணு வரிசையோடு, பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சிலரைத் தவறவிடும். முதுகெலும்பில் கட்டி வருமா வராதா என்பதை அந்தச் சோதனை சொல்லாது; அதற்குப் படம்தான். கட்டிகளோடு தலைமுடி அடர்த்தியின்றி, மூக்கு நுனி பருத்து, படிப்பில் பின்தங்கலும் இருந்தால் லேங்கர்-கீடியன் என்ற வேறு நிலை. அதற்குக் குரோமோசோம் சோதனை. கட்டியைக் கரைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. பாலோவரோடீன் என்ற மருந்து இந்நோய்க்குச் சோதிக்கப்பட்டது. பிள்ளைகளின் வளர்தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும் கவலை எழுந்தது, அந்தச் சோதனை பாதியில் நின்றுவிட்டது.

திருச்சி_பிசியோ:

ஆபரேஷனுக்குப் பிறகு என் பங்கு என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: அப்பாவுக்கு 41 வயது, குடலிறக்க ஆபரேஷன் அடுத்த வாரம். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்வார்களாம். அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை.

தண்டுவடக்காரன்:

பையனுக்கு: முதல் நாளிலிருந்தே கை விரல், கணுக்கால் அசைவு. இரண்டாம் நாள் கட்டிலோரம் உட்கார்ந்து நிற்கலாம், சர்ஜன் தடுக்காவிட்டால். கழுத்துக்கு முதல் ஆறு வாரம் இழுப்பதும் இல்லை, சுழற்றுவதும் இல்லை. கையால் நெற்றியைத் தடுத்து அசையாமல் அழுத்தும் பயிற்சி மட்டும், அதுவும் சர்ஜன் அனுமதித்த பிறகு. நடைக்குச் சமநிலைப் பயிற்சிதான் பிரதானம். தொடைத் தசையை அப்புறம் பார்க்கலாம். பத்து வினாடிக் கை எண்ணிக்கையை வாரம் ஒருமுறை ஒரே நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலோருக்கு நடை தெளியும். கை விரல் வேகம் கடைசியில் வரும். தண்டுவடத்துக்குள் சேதத்தைக் காட்டும் வெண்மை தெரிந்ததால் முழுதாக வருமென்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கை இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் உடனே சொல்லுங்கள். மூன்று மாதத்தில் ஒரு எம்ஆர்ஐ அடிப்படைப் படமாக. கூன் விழுகிறதா என்று பக்கவாட்டு எக்ஸ்ரே ஆறு மாதத்துக்கு ஒருமுறை; எக்ஸ்ரே அதற்குப் போதும்.

மயக்கமருத்துவர்_எம்:

அப்பாவுக்கு: ஊசி போடும் முன் இடுப்பு எம்ஆர்ஐ வேண்டும். இடுப்பு மூன்று, நான்கு, ஐந்தாம் முள்ளெலும்புகளின் லாமினாவில் கட்டி இருந்தால் ஊசி எலும்பில் முட்டும், திருப்பித் திருப்பிக் குத்துவார்கள். குழாய்க்குள் நீட்டிய கட்டி இருந்தால் மருந்து ஒரு பக்கம் மட்டும் பரவலாம், நரம்பு வேர்கள் ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் ஊசி இறங்கலாம். 'படம் வேண்டாம், முழு மயக்கம் கொடுத்துவிடுகிறோம்' என்று சொன்னால் அதற்குக் கழுத்து எம்ஆர்ஐ இருக்கிறதா என்று கேளுங்கள். குடலிறக்கம் சிக்கிக்கொள்ளாத வரைக்கும் ஒரு வாரம் தள்ளுவதில் பிரச்சினை இல்லை. கழுத்தையும் இடுப்பையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம். மேலே மேடம் எழுதித் தந்த வாசகத்தில் 'தண்டுவட அழுத்த அறிகுறி' என்ற இடத்தில் 'அறிகுறி இல்லை, மயக்கத்துக்கு முன் பரிசோதனை' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ரிஃப்ளெக்ஸையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள், அறிகுறி இல்லை என்பது அவர் சொன்னதுதானே.